சூற்பைப் புற்றுநோயும் இன வேறுபாடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சூற்பைப் புற்றுநோய் வெள்ளையின மாதரிடம் மிகுதியாகவும் கறுப்பின மாதரிடம் குறைவாகவும் தோன்றுகின்றது. ஆயினும் நோய் கண்டபின் பிழைத்திருப்போர் தொகை இதற்கு நேர்மாறாக உள்ளது. 2012 முதல் 2018 வரை நோய் கண்டறியப்பட்டவருள் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் வெள்ளையினத்தவரிடை நூற்றுக்கு 49, கறுப்பினத்தவரிடை 41. இவ்வேறுபாட்டிற்கு உடற்கூறு எந்த அளவிற்குக் காரணம் என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

ஒரு பெயர், பல நோய்கள்

சூற்பைப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. பெரும்பான்மையாகக் காணப்படுவது சீரஸ் என்னும் வகை. இது பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தொடங்குவது. பிளாட்டினம் கலந்த மருந்துகளுக்கு முதலில் நன்கு இணங்குவது. ஜப்பானிய மாதரிடம் அதிகமாகத் தோன்றும் ‘தெளிவணு’ வகையோ அம்மருந்துகளுக்கு எளிதில் இணங்குவதில்லை. 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பெற்ற பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் பிறழ்ச்சி, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதருள் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவரிடம் உள்ளது. எனவே மக்கட்கூட்டங்களுக்கிடையே மரபு வேறுபாடுகள் உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் அமெரிக்கக் கறுப்பின மாதரிடமும் சீரஸ் வகையே மிகுதி. ஆதலின், மேற்கூறிய இடைவெளியை நோயின் வகை ஒன்றைக்கொண்டே விளக்கிவிட இயலாது.

அளவுகோல் யாருக்காக?

உடற்கூற்று வேறுபாடு வேறொரு வழியிலும் தீங்கு விளைக்கக்கூடும். இந்நோயை அறியக் குருதியிலுள்ள சி.ஏ.125 என்னும் புரதம் அளவிடப்படுகின்றது. மில்லிலிட்டருக்கு 35 அலகு என்னும் எல்லை, 1980களில் பெரும்பாலும் வெள்ளையின மாதரின் குருதியைக்கொண்டு வகுக்கப்பட்டதாகும். கறுப்பின மாதரின் குருதியில் இப்புரதம் இயல்பாகவே சற்றுக் குறைவு. ஆகவே, நோய் இருந்தும் எல்லையைத் தாண்டாதவர் அவர்களிடை அதிகம் எனவும், அத்தகையோருக்கு மருந்துச் சிகிச்சை தாமதமாகத் தொடங்கியது எனவும் 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று.

வெள்ளணுக்களின் செய்தியும் இத்தகையதே. அமெரிக்கக் கறுப்பினத்தவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் செவ்வணுக்களில் ‘டஃபி’ என்னும் புரதம் இல்லை. ஒருவகை மலேரியாவினின்று காக்கும் இப்பண்பு ஆப்பிரிக்க முன்னோர் வழியாக வந்தது. இதனை உடையவர்க்குக் குருதியில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இயல்பாகவே குறைவு. எனினும் அதனால் அவர்களது நோயெதிர்ப்பாற்றல் குன்றுவதில்லை. ஆனால் அவ்வணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 1500க்குக் கீழிறங்கின் புற்றுநோய் மருந்தைத் தள்ளிவைப்பது பொதுவான மருத்துவ வழக்கம். இவ்வாறு உடல்நலத்தின் இயல்பே குறையெனக் கருதப்பட்டுச் சிகிச்சை தளர்ச்சியுற இடமுண்டு.

காலம் கூறும் சான்று

1975 முதல் 1977 வரை நோயுற்றவருள் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் கறுப்பினத்தவரிடை நூற்றுக்கு 42 ஆகவும் வெள்ளையினத்தவரிடை 35 ஆகவும் இருந்தது. அன்று கணக்கிடப்பட்ட கறுப்பினத்தவர் தொகை சிறிதாதலின் முதலாவது எண்ணை மிக அழுத்திக் கூறுதற்கில்லை. ஆயினும் 1978இல் சிஸ்பிளாட்டினும் 1992இல் பாக்லிடாக்செலும் அனுமதி பெற்றன. வெள்ளையினத்தவர் விகிதம் உயர்ந்தது. கறுப்பினத்தவர் விகிதமோ நின்ற இடத்திலேயே நின்றது. நாற்பதாண்டுகளில் ஓர் இனத்தின் மரபு மாறிவிடாது. மாறியது சிகிச்சை, அது சமமாகச் சென்றடையவில்லை. அறுவையும் மருந்தும் முறைப்படி முழுமையாகப் பெற்றவர் கறுப்பினத்தவரிடைக் குறைவு எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஒரே சிகிச்சை பெற்ற இரு இனத்தாரின் உயிர்வாழ்வு ஏறத்தாழ ஒத்திருந்தது என்று, முற்றிய நோயுடையோரிடம் நடந்த மருந்துச் சோதனைகளைத் தொகுத்தாராய்ந்த 2009ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்று தெரிவித்தது.

‘இனம்’ என்னும் சொல் காரணத்தை விளக்குவதில்லை; எங்கே ஆராய வேண்டும் என்பதையே சுட்டுகின்றது. ஓரிடத்தாரைக்கொண்டு வகுத்த எண்ணை மற்றோரிடத்தார்மேல் ஏற்றுமுன் சோதித்தறிதல் வேண்டும்.

நலமாயுள்ள மாதர் அனைவரையும் சோதித்து இந்நோயின் சாவைக் குறைக்கும் முறை எதுவும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே வயிற்று உப்பிசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை புதிதாகத் தோன்றிச் சில வாரங்கள் நீடிப்பின், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும்.