அத்திப்பள்ளியில் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை

பிரிந்து வாழும் பெற்றோரின் குழந்தைகளைக் கொரோனா ஊரடங்கு இரண்டாவது முறையும் பிரித்தது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் தாயோடு ஒரு குழந்தை. ஒசூர் தொழிற்சாலையில் தந்தைக்கு வேலை. ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கலாம் என்பது நீதிமன்ற உத்தரவு. இப்படியொரு குடும்பத்தைக் கற்பனை செய்வது கடினமல்ல. இடையில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியதும் அந்தத் தூரம் மாநில எல்லையான அத்திப்பள்ளியில் முறிந்தது.

கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. அவசர வழக்குகளுக்கு மட்டுமே, அதுவும் வீடியோ மூலமாக, விசாரணை.

இதற்கான விடையை ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்பே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. 2020 ஜனவரி 20 அன்று யஷிதா சாஹு வழக்கில் நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் அளித்த தீர்ப்பு, நேரில் சந்திப்பதோடு 'தொடர்பு உரிமை'யும் முக்கியம் என்றது. குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் அதனுடன் பேச வேண்டும். அதற்கு வீடியோ அழைப்பே சிறந்தது. ஏப்ரலில் ஊரடங்குப் பிரச்சினையே வழக்காக வந்தபோதும், இருவரும் ஒத்துக்கொண்டு மின்னணு வழியில் குழந்தையுடன் பேசலாம், இயலாவிட்டால் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்றது அதே கோர்ட்.

அடுத்த சிக்கல் பணம். சம்பளம் நின்றதும் பல வீடுகளில் ஜீவனாம்சமும் நின்றது. வருமானம் குறைந்தால் தொகையைக் குறைக்கக் கோரி மனுப் போடலாம். தானாக நிறுத்திக்கொள்ள முடியாது. நிலுவை ஏறிக்கொண்டே போகும். வேண்டுமென்றே கட்டாதவர் சிறைக்கும் போக நேரிடும். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் மேலும் இரண்டு விதிகளை வகுத்தது: ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்; இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்.

"பணம் வரட்டும், பிள்ளையைக் காட்டுகிறேன்" என்பார் ஒருவர். "பிள்ளையைக் காட்டட்டும், பணம் தருகிறேன்" என்பார் மற்றவர். இரண்டும் குழந்தைக்குச் சேர வேண்டியவை. பேரம் பேசும் சரக்கல்ல.

எனவே உத்தரவு எழுதும்போதே, பாதை அடைபட்டால் எந்த நேரத்தில், யாருடைய தொலைபேசியில் குழந்தை பேசும் என்பதையும் எழுதி வாங்கிவிடுவது நல்லது. அடுத்த ஊரடங்கு எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாரம் தவறாமல் வரும்.