மாதாந்தர உபாதையும் நம் இல்லங்களும்

ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே வாசிக்கும் நம் சங்க இதழில் மாதவிடாயைப் பற்றி எழுதுவது தகுமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். நாமும் முதலில் தயங்கவே செய்தோம். டாலிகஞ்சில் நமக்கு நன்கு அறிமுகமான தாயார் ஒருவர் சென்ற ஆண்டு பட்ட பாட்டைக் கண்ணுற்ற பின் அத்தயக்கம் நீங்கிற்று. ஈராண்டு காலம் மாதந்தோறும் பத்து நாட்கள் வரை உதிரப்போக்குடன் வேலைக்குப் போய்வந்த அவர், “நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான்” என்று தம்மைத் தாமே தேற்றிக் கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்துடன் ஒரு காலை மயங்கி விழுந்த பின்னரே வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்பட்டார். பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இறங்கியிருந்தது.

சொந்த ஊரில் இருந்திருப்பின் தாயோ தமக்கையோ அவருடைய முகத்தின் வெளிறலைக் கண்டே கேட்டிருப்பர். கடல் கடந்து வந்த நம் குடும்பங்களுக்கு அந்த மூத்த பெண்டிரின் கண் இல்லை. கணவர் கேட்பதில்லை, மகளுக்குச் சொல்ல மனம் வருவதில்லை. இக்குறையை நிரப்பவே இக்கட்டுரை.

முதலில் அன்றாடத் தேவையைக் கவனிப்போம். நம் பாட்டிமார் பழந்துணியையே பயன்படுத்தினர். துணியில் குற்றமில்லை, அதை மறைத்துக் காயவைத்த வழக்கத்திலேதான் குற்றம். குளிர்ந்த நீரில் முதலில் அலசி, பின் சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திய துணி தூயதே. கதவிடுக்கிலும் பாவாடைக்கு அடியிலும் ஒளித்து ஈரம் போகாமல் மடித்தெடுத்த துணிதான் அரிப்பையும் புண்ணையும் தருவது. கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்கள், தம் மனைவியார் கந்தைத் துணியை மறைத்தெடுத்துச் செல்வதைக் கண்ணுற்று, மலிவு விலையில் நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை உருவாக்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. 2016ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது. துணியையே திருத்தமாகத் தைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முயற்சியும் நம் நாட்டில் உண்டு. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்னும் அமைப்பு 2010 முதல் அத்தகைய துணிப்பட்டைகளைச் செய்து வருகிறது.

ஆனால் இத்தீவில் இரண்டு இடையூறுகள் உள. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், மே மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை வெயிலை நம்பித் துணி உலர்த்துவது எளிதன்று. மழை ஓய்ந்து வெயில் வரும் மாதங்களிலோ தானிகாரி அணையின் நீர் குறைந்து, குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் கொண்டிருக்கிறோம். (இவ்வளவு மழையைத் தலையில் வாங்கிக்கொண்டு கோடையில் குடத்துடன் வரிசையில் நிற்பது இவ்வூரின் விந்தைகளுள் ஒன்று.) கடையில் வாங்கும் நாப்கினோ பெரும்பாலும் பிளாஸ்டிக் கலந்தது, கொளுத்தினால் நச்சுப் புகை, எறிந்தால் ஓடை வழியே கடல்.

ஆதலின் மாதவிடாய்க் கிண்ணத்தை நம் சகோதரிகள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம் என்பது நம் கருத்து. இது புதுமை போலத் தோன்றினும், அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்ற மாது 1937இலேயே இரப்பரில் செய்து காப்புரிமை பெற்றது. இன்று மருத்துவ சிலிக்கோனில் வருகிறது. ஒரு கிண்ணம் பல ஆண்டுகள் உழைக்கும். ஒவ்வொரு மாதமும் தொடங்குமுன் சில நிமிடம் கொதிநீரில் இட்டெடுத்தால் போதும். இடையில் எடுத்துக் கொட்டிச் சிறிது நல்ல நீரில் கழுவலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடலாகாது. 2019இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்த, 43 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையில், பழகிய பெண்டிரில் நூற்றுக்கு எழுபத்து மூவர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பியதாகக் கண்டனர். பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். காப்பர்-டி பொருத்தியிருப்போர் வைத்தியரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். கிண்ணத்தை இழுக்கையில் அதுவும் நகர்ந்துவிடக் கூடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். துணியானாலும் நாப்கினானாலும் ஒரு மணிக்கொருமுறை மாற்ற நேர்ந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பெருங்கட்டிகளாக வெளிப்பட்டால், படியேற மூச்சு வாங்கினால், அது வயதின் இயல்பன்று, நோய். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அதில் புற்றுநோயின் அறிகுறி மறைந்திருக்கலாம்.

பரிசோதனை என்றவுடன் “கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ?” என்ற அச்சம் எழுகிறது. வேறு சிலரோ, “எடுத்துவிட்டால் தொல்லை விட்டது” என்று தாமே முந்துகின்றனர். இரண்டும் பிழை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்ட இடம்பெயரும் பெண்களிடையே 2019இல் அரசுக்குழு விசாரித்தபோது, கணக்கெடுத்த 82,000 பேருக்கு மேற்பட்டோரில் 13,000க்கும் அதிகமானோர் கர்ப்பப்பையை இழந்திருந்தனர். ஒரு நாள் கூலியும் தவறக்கூடாதென்ற நெருக்கடியே பலரை அந்நிலைக்குத் தள்ளிற்று. பிழைக்க ஊர் விட்டு வந்த நமக்கு அந்நெருக்கடி புரியாததன்று. தேவையற்ற இத்தகைய இரணசிகிச்சைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டுமென உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

கத்திக்கு முன் வேறு வழிகள் பல உள. ஜப்பானிய வைத்தியத் தம்பதியரான உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ இருவரும் 1962இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம், உதிரம் மிகும் நாட்களில் மட்டும் உட்கொள்ளும் மாத்திரை. இரத்தம் உறையும் நோய் உடையோர்க்கு ஆகாது. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஐந்தாண்டுக்கு மேலும் பயன் தரும். நார்க்கட்டியை மட்டும் அகற்றுவதும் உண்டு. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்க்கு அக்கட்டி தானே சுருங்கவும் கூடும். இவற்றையெல்லாம் கேட்ட பின்னரும் கர்ப்பப்பையை எடுப்பதே நலமென்று தேர்ந்தால், சினைப்பையையும் எடுக்கப் போகிறார்களா, ஏன் என்று கேளுங்கள். நோயில்லாத சினைப்பையை இளவயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் நலியும்.

நம் தாயாருக்கு நார்க்கட்டி பெரிதாக இருந்தமையாலும், மருந்துக்கு அடங்காமையாலும், முதலில் இரத்தம் ஏற்றி இரும்புச் சத்து கொடுத்துத் தேற்றிய பின்னர் இரணசிகிச்சை நடந்தது. வயிற்றைத் திறந்து செய்தமையால் ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வென்றனர். சிறு துளையிட்டுச் செய்தால் இதனினும் விரைவில் தேறலாம். ஓய்வென்றால் படுத்தே கிடப்பதன்று. மறுநாளே மெல்ல நடக்க வைத்தனர். கால் நரம்பில் இரத்தம் உறையாதிருக்க அது அவசியம். ஆனால் குடம், சிலிண்டர், குழந்தை, அரிசி மூட்டை எதையும் தூக்கலாகாது. காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று தோன்றினும் ஆறாம் வாரப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சென்னையில் சிகிச்சை செய்துகொள்ள எண்ணுவோர், திரும்பும் விமானப் பயணத்தையும் மூன்று நாள் கப்பல் பயணத்தையும் வைத்தியர் அனுமதித்த பின்னரே முடிவு செய்தல் நன்று.

அவர் வீட்டில் அந்த எட்டு வாரமும் கணவரே அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்தார். முதல் வாரம் தெருவில் சிலர் நகைத்தனர். மூன்றாம் வாரம் அவர்களில் ஒருவரே ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் வாரம் அத்தாயார் தாமே குழாயடிக்கு வந்து, பாதிக் குடம் மட்டும் நிரப்பிக் கொண்டு திரும்பினார்.