பரிசு வீடும் வரியும்

போட்டியில் வீடு பரிசாக விழுந்தால் செலவின்றிச் செல்வம் சேர்ந்தது எனப் பலர் கருதுவர். ஆயின் நம் நாட்டு வருமான வரிச் சட்டம் அவ்வீட்டின் சந்தை மதிப்பை வருமானமாகவே கொள்கிறது. வேறு வருமானம் இல்லாத உழவரும் இதற்கு விலக்கல்லர். வரி 100க்கு 30. அவ்வரியின்மேல் 4 விழுக்காடு தீர்வையும் உண்டு. ரூ. 20 லட்சம் பெறுமான வீட்டிற்கு ரூ. 6,24,000 செலுத்த வேண்டும். அதன் பின்னரே பரிசளிப்போர் வீட்டை ஒப்படைக்கலாம் என்பது விதி. ஆகவே, இத்தொகைக்கு வழியுண்டா என்று முதலில் எண்ணுதல் வேண்டும்.

பரிசுக் கடிதம் மட்டும் உரிமை தராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரம் பதிவாக வேண்டும். அதற்குமுன் வில்லங்கச் சான்று பார்த்தல் நலம். வரி என்று சொல்லித் தனியார் கணக்கில் பணம் கேட்போரை நம்பாது, அரசுக் கணக்கில் செலுத்தி ரசீது பெறுக. இவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஊராருக்கு எடுத்துரைப்பார்களென நம்புகிறோம்.