தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடும் முன்

விடியற்காலை ஏலம் முடிந்து, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் நம் கடற்கரைத் தாய்மார்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். தீர்மானப் புத்தகத்தை நீட்டினால், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அவசரமாகக் கிளம்புகிறார்கள். வகுப்பறையில் உப்புக்காற்று அரித்த சன்னல் கம்பியும் துருவேறிய குழாயும் அப்படியே கிடக்கின்றன. அவற்றை மாற்ற வழி அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு பணம்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கே செலவாக வேண்டும். 31-ஆவது பிள்ளை ஒன்று சேர்ந்தாலே 15,000 ரூபாய் கூடும்.

மணப்பாடு முதல் வேம்பார் வரை, பங்குக் கோயிலை ஒட்டிய பல பள்ளிகள் அரசு உதவிபெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். மேற்சொன்ன மானியம் அங்கே கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கான உதவி உண்டு. உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்ட விரிவாக்கம், 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில்தான் தொடங்கியது.

உங்கள் உரிமை

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மானியச் செலவைக் கண்காணிப்பது அவர்கள் கடமை. கணக்குக் கேட்டால் யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது.

எங்கே தவறுகிறது?

படிக்காமல் போடும் கையெழுத்து, நடக்காத வேலைக்கும் சாட்சியாகிவிடும். அதேபோல், பணம் வந்ததா என்று அறியாமல் தலைமை ஆசிரியரைப் பழிப்பதும் தவறு. 2024–25இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசே விடுவிக்காமல் நிறுத்தி வைத்தது.

என்ன செய்யலாம்?

வரவு, செலவு, மீதி மூன்றையும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பழுதுகளை எழுதித் தீர்மானமாக்குங்கள். பதில் இல்லையென்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசுங்கள். அதன்பிறகும் தெளிவில்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பெரிய கட்டட வேலைக்கு மானியம் போதாது. பெருந்துறைமுக ஆணையங்கள் கல்விக்கும் செலவிட 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதால், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் அந்தத் தீர்மானத்தோடு விண்ணப்பிக்கலாம்.

ஏலத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாமல் கேட்கிறவர்கள் நம் தாய்மார்கள். அதே குரல் பள்ளிக் கூட்டத்திலும் ஒலிக்கட்டும். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.