வெண்பலகையில் கேத்திரகணிதம்: பெற்றோருக்கு இன்னும் வேலை உண்டு



"இங்கை கரும்பலகையும் இல்லை, வெண்கட்டியும் இல்லை. பெரிய ரீவி மாதிரி ஒரு பலகையிலை விரலாலை இழுத்துப் படிப்பிக்கினம். நாங்கள் படிச்ச கேத்திரகணிதம் பிள்ளைக்கு உதவாது." இங்கிலாந்தில் வாழும் எமது பெற்றோர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அது சரிதானா என்று பார்ப்போம். வாசிக்கும்போது ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

தொட்டால் இயங்கும் இந்த வெண்பலகையைக் கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் 1991 இல் அறிமுகப்படுத்தியது. கணினியின் திரை பலகையில் விழும். ஆசிரியர் விரலாலோ பேனையாலோ தொட்டால் கணினி அதை உணரும். இன்று பல வகுப்புகளில் அதனிடத்தில் பெரிய தொடுதிரைகள் வந்துவிட்டன. வேலை ஒன்றுதான்.

கேத்திரகணிதத்தில் இதன் பெரிய நன்மை, உருவத்தை அசைக்க முடிவது. கரும்பலகையில் கீறிய முக்கோணி அப்படியே நிற்கும். அடிப்பக்கம் கிடையாக உள்ள முக்கோணியையே பார்த்துப் பழகிய பிள்ளை, அதைச் சரித்து வைத்தால் தடுமாறும். ஜியோஜீப்ரா போன்ற மென்பொருளில் ஓர் உச்சியைப் பிடித்து இழுத்தால், ஒரு நிமிடத்தில் நூறு முக்கோணிகளைக் காணலாம். கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கோணங்கள் 48.34, 61.33, 70.33 என்று வையுங்கள். கூட்டினால் சரியாக 180. திரை ஒரு தசமதானம் மட்டும் காட்டினால் 48.3, 61.3, 70.3 என்று தெரியும். பிள்ளை கூட்டிப் பார்த்தால் 179.9 வரும்! எது உண்மை? அளவீடு இதற்குப் பதில் சொல்லாது. நிறுவல்தான் சொல்லும்.

இதோ ஒரு நிறுவல். ஒரு வட்டம் கீறி, விட்டம் அ ஆ வரையுங்கள். மையம் ம. பரிதியில் இ என்றொரு புள்ளி வைத்து அ, ஆ, ம மூன்றுடனும் இணையுங்கள். ம அ, ம ஆ, ம இ மூன்றும் ஆரைகள், ஆகவே சமம். எனவே இரண்டு இருசமபக்க முக்கோணிகள் கிடைக்கின்றன. ஒன்றின் சமகோணங்களை x என்றும் மற்றதன் சமகோணங்களை y என்றும் கொள்க. பெரிய முக்கோணியில் x + x + y + y = 180. ஆகவே x + y = 90. அதாவது அரைவட்டக் கோணம் செங்கோணம்.

பலகையில் இ யை எவ்வளவு இழுத்தாலும் 90 என்றே காட்டும். ஏன் என்பதை இந்தச் சில வரிகளே சொல்கின்றன. 2017 முதல் நடைபெறும் ஜீ.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சையின் உயர்நிலைப் பாடத்திட்டத்தில், வட்டத் தேற்றங்களைப் பிரயோகிப்பதோடு நிறுவவும் தெரிந்திருக்க வேண்டும்.

பலகை மட்டும் பெறுபேற்றை உயர்த்திவிடாது. லண்டன் இடைநிலைப் பாடசாலைகளுக்கு அரச நிதியில் இவை வழங்கப்பட்டபின், லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தின் 2007 ஆம் ஆண்டு மதிப்பீடு, முதலாம் ஆண்டில் பெறுபேறுகளில் மாற்றம் தென்படவில்லை என்றது.

ஆகவே பெற்றோர்களே, கவராயத்தோடும் அடிமட்டத்தோடும் நீங்கள் படித்தது வீண்போகவில்லை. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் படிப்பு இடையில் நின்றவர்களும் மேலேயுள்ள நிறுவலைப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாம். ஆரை என்றால் ரேடியஸ், விட்டம் என்றால் டயமீற்றர், இருசமபக்கம் என்றால் ஐசோசிலிஸ். சொற்களைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித் தரட்டும். ஜியோஜீப்ராவை வீட்டுக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இலவசமாகப் பாவிக்கலாம். பிள்ளை இழுத்துக் காட்டும்போது நீங்கள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஏன் அப்பிடி வருது?" விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் விளங்கிக்கொண்டால் ஆங்கிலத்தில் எழுதுவது கடினமல்ல.