முதல் தோழி அன்னையே

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். அம்முளைக்கு நீர் வார்த்த கை எவருடையது என்று கேட்பாரோ மிகச் சிலரே. சதுரங்க உலகில் தமிழகத்தின் பெயரை நிலைநாட்டிய விசுவநாதன் ஆனந்த் அவர்களை அறியாதார் இலர். ஆனால் அவ்விளையாட்டில் அவருக்கு முதல் தோழியாய் வாய்த்த அன்னை சுசீலா அம்மையாரை நினைப்போர் எத்தனை பேர்? 2015ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். நம் இல்லங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு அவருடையது.

ஆனந்த் 1969ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்தவர். மூன்று மக்களுள் இளையவர். தந்தையார் இரயில்வேயில் உயர் அதிகாரி. மூத்தோர் காய் நகர்த்துவதைக் கண்ட சிறுவன், ஆறு வயதில் தனக்கும் கற்பிக்குமாறு கேட்டபோது, "போய்ப் பாடத்தைப் படி" என்று அன்னை விரட்டவில்லை. தாமே எதிரில் அமர்ந்து கற்பித்தார்.

அத்துடன் நில்லாமல், சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் மகனைச் சேர்ப்பித்தார். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் அவர்கள் 1972இல் தொடங்கிய கழகம் அது. வென்றவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். தோல்வியைத் தாங்கி மீண்டும் முறை வரக் காத்திருக்கும் பண்பை அச்சிறுவன் அங்கே கற்றான்.

பின்னர்த் தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவுக்குச் சென்றது. அங்கே தொலைக்காட்சியில் பிற்பகலில் சதுரங்கப் புதிர்கள் காட்டுவார்கள். மகன் பள்ளியில் இருக்கும் அவ்வேளையில், அன்னை அவற்றையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அஞ்சலில் அனுப்புவர். பரிசு ஒரு புத்தகம். பலமுறை பரிசு பெறவே, நிகழ்ச்சி நடத்தியோர், "வேண்டிய புத்தகங்களை எடுத்துச் செல், இனி விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம்! அதே பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில்தான் 1987இல் அவர் உலக இளையோர் பட்டம் வென்றார்.

எழும்பூர் தொன் போஸ்கோ பள்ளியிலும் இலயோலா கல்லூரியிலும் பயின்ற அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000இலும், மீண்டும் 2007 முதல் 2013 வரையிலும் உலக வாகையர். தொடக்க ஆண்டுகளில் போட்டிகளுக்கு உடன் சென்றவர் அன்னையே. 2013இல் சொந்த நகரமாகிய சென்னையிலேயே மகன் பட்டத்தை இழந்த நாளிலும் அவர் உயிருடன் இருந்தார். வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கண்ட தாய் அவர்.

நம் மதுரைச் சீமைக்கு இத்தகைய அறிவு விளையாட்டு புதிதன்று. பழைய மண்டபங்களின் கல்தளத்தில் கீறப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கோடுகளை நாம் கண்டிருக்கிறோம். திண்ணையிலே பல்லாங்குழியும் தாயமும் ஆடிய பாட்டிமார், எண்ணிக் கணக்கிடும் திறனைப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டினர். அவர்களுடைய மதிநுட்பத்தை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரைப் பங்குகளில் அடிக்கடி சந்திக்கிறோம். வறுமையில் பிறக்கும் கேள்வி அது; அதனை இகழ்வதற்கில்லை. மற்றொருபுறம், 2024இல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையரானது முதல், தம் பிள்ளையும் அவ்வாறே ஆகவேண்டும் என்று நெருக்குவோரும் உண்டு. இவ்விரு சாராரும் சுசீலா அம்மையாரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவர் காய் நகர்த்தக் கற்பித்தபோது, அது உலகப் பட்டத்தில் முடியும் என்று அறிந்தா கற்பித்தார்? பிள்ளை விரும்பியதைத் தாமும் விரும்பினார். தம் நேரத்தைக் கொடுத்தார்.

பட்டம் எல்லாருக்கும் கிட்டாது. எதிரில் அமர்ந்து ஆட ஒரு தாயோ தந்தையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டலாம். இன்று மாலை கைப்பேசியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பலகையோ பல்லாங்குழியோ, இருப்பதை எடுத்து நம் பிள்ளைகளின் எதிரே அமர்வோமாக.