நண்பனைச் சுமக்கும் தோள்கள்

கப்பர்நாகுமில் இயேசு இருந்த வீட்டின் வாயிலில் கூட்டம் நிறைந்து நின்றது. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் அங்கே சுமந்து வந்தனர் என மாற்கு நற்செய்தியாளர் தமது இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகின்றார். உள்ளே செல்ல வழியில்லை. அதனால் அவர்கள் திரும்பிப் போகவுமில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை ஆண்டவர் முன் இறக்கினர். அந்த நால்வரின் பெயர்களை நற்செய்தி நமக்குத் தரவில்லை. அவர்கள் வைத்தியர்கள் என்றோ, மறைநூல் அறிஞர்கள் என்றோ குறிப்பும் இல்லை. விழுந்து கிடந்த ஒருவனை விட்டுவிட்டுப் போக மனமில்லாத நான்கு மனிதர்கள், அவ்வளவே. இயேசு கண்டதும் அவர்களது நம்பிக்கையைத்தான்.

அன்பார்ந்த வாசகர்களே, பல்கலைக்கழகத்துக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ பிள்ளையை அனுப்பிவிட்டு, அன்றாடம் செபமாலையில் அவன் பெயரைச் சொல்லும் தாய்மார் உங்களிடையே பலர் இருப்பீர்கள். அந்தப் பிள்ளை தங்கியிருக்கும் விடுதி அறையில், ஏதோ ஒரு கொண்டாட்டத்தின் பின், நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவன் அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்து கிடக்கின்றான் என்று எண்ணிப் பாருங்கள். அந்நேரம் அங்கே தாய் இல்லை, தந்தை இல்லை. விரிவுரையாளரும் இல்லை, பங்குத்தந்தையும் இல்லை. இருப்பவர்கள் அவனுடைய சகபாடிகள் மட்டுமே. அவன் காலையில் கண் விழிப்பதும் விழிக்காமற் போவதும் பல வேளைகளில் அந்தச் சகபாடிகள் என்ன அறிந்திருக்கின்றார்கள் என்பதிலேயே தங்கியுள்ளது.

இந்த உண்மையை உணர்ந்து பிறந்ததே சகபாடிச் சுகாதாரக் கல்வி. மாணவரைக் கொண்டே மாணவருக்குச் சுகாதார அறிவூட்டும் முறை அது.

மாணவரிடையே எழுந்த ஓர் இயக்கம்

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ கொன்சாலெஸ் என்பவர் மாணவர் குழுவொன்றை ஆரம்பித்தார். மதுசாரத்தின் தீமை பற்றி மாணவரே மாணவரோடு பேசவேண்டும் என்பது அதன் நோக்கம். அக்குழுவுக்கு ‘பாக்கஸ்’ என்று பெயர். பாக்கஸ் என்பது உரோமையர் வழிபட்ட மதுத் தெய்வத்தின் பெயர். எனினும் இங்கே அது, பல்கலைக்கழக மாணவரின் நலன் கருதி மதுசாரம் பற்றிய விழிப்புணர்வை வளர்த்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. ஒரு வளாகத்தில் முளைத்த அந்தக் குழு காலப்போக்கில் பல நூறு கல்லூரிகளுக்குப் பரவியது. 2014இல் அது நாஸ்பா எனப்படும் மாணவர் விவகார நிர்வாகிகளின் சங்கத்தோடு இணைந்தது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1993இல் ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹென்றி வெக்ஸ்லர் 140 கல்லூரிகளைச் சேர்ந்த 17,000இற்கும் மேற்பட்ட மாணவரிடம் வினவினார். அவர்களுள் 44 வீதமானோர், முந்திய இரண்டு வாரங்களுக்குள் ஒருமுறையேனும் ஒரே தடவையில் மிகையாகக் குடித்தவர்கள். ஆண்களாயின் ஐந்து அளவுகள், பெண்களாயின் நான்கு அளவுகள் என்பதே அவர் வகுத்த எல்லை. மதுசாரத்துடன் தொடர்புடைய விபத்துகளாலும் காயங்களாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,400 கல்லூரி மாணவர் உயிரிழக்கின்றனர் என 2002இல் அந்நாட்டின் தேசிய மதுசார ஆய்வு நிறுவகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. 1,400 வீடுகளில் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருந்த பெற்றோர் பிள்ளையின் அடக்கச் சடங்குக்குச் சென்றார்கள் என்பதே இந்த எண்ணின் பொருள்.

எதைக் கற்கின்றார்கள்?

சகபாடிக் கல்வியாளர் மேடையேறி ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று முழங்குபவர் அல்லர். அவர் பெறும் பயிற்சி முதலில் உடலைப் பற்றிய அறிவில் தொடங்குகின்றது. அமெரிக்காவில் ஓர் அளவு எனக் கொள்ளப்படுவது 14 கிராம் மதுசாரம். அதனை உடைத்து வெளியேற்ற நமது ஈரலுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வேண்டும். இதை நம் நாட்டுக் கணக்கில் பார்ப்போம். கால் போத்தல் எனப்படும் 180 மில்லிலீற்றர் சாராயத்தில், அது 33.5 வீதச் செறிவுடையதாயின், ஏறத்தாழ 47 கிராம் மதுசாரம் உண்டு. மூன்று அளவுக்கும் மேல். அரை மணித்தியாலத்தில் அதைக் குடித்து முடித்தவனின் ஈரல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பாடுபட வேண்டும். கடுங்கோப்பியும் தேசிக்காய்ச் சாறும் தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரும் அந்த வேலையை ஒரு நிமிடமேனும் விரைவுபடுத்த மாட்டா.

அடுத்ததாக அவர்கள் கற்பது, உயிராபத்தின் அடையாளங்கள். தட்டியும் உலுக்கியும் எழுப்ப முடியாமை, உறக்கத்திலேயே வாந்தி, குளிர்ந்து வெளிறிய அல்லது நீலம் பாரித்த தோல், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே பத்து விநாடிக்கு மேற்பட்ட இடைவெளி. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. எல்லா அடையாளங்களும் தோன்றட்டும் என்று காத்திருப்பதும் தவறு.

‘படுக்கவிடு, தூங்கினால் சரியாகிவிடும்’ என்பதே நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் சொல். அந்தச் சொல்லால் போன உயிர்கள் பல. குடிப்பதை நிறுத்திய பின்னரும் வயிற்றில் எஞ்சியிருக்கும் மதுசாரம் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே உறங்கத் தொடங்கியவனின் நிலை ஒரு மணித்தியாலத்தின் பின் இன்னும் மோசமாகலாம். மல்லாந்து கிடக்கையில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். ஆகையால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாது அருகிருந்து, நோயாளர் காவு வண்டியை அழைக்க வேண்டும். வாந்தியெடுக்கச் செய்ய முயலவும் கூடாது. நமது நாட்டில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ இலவச நோயாளர் காவு வண்டி வரும். இந்த இலக்கத்தை இன்றே பிள்ளையின் கைபேசியில் பதிந்துவிடுங்கள்.

அழைக்கத் தயங்குவது ஏன்? அச்சம்தான். நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும், தண்டனை கிடைக்கும், வீட்டுக்குக் கடிதம் போகும் என்ற அச்சம். இதனை உணர்ந்த கோர்னெல் பல்கலைக்கழகம், மதுமயக்கத்தில் ஆபத்துற்றவருக்காக உதவி கோரும் மாணவருக்கும் உதவி பெறும் மாணவருக்கும் ஒழுக்காற்றுத் தண்டனையிலிருந்து விலக்களிக்கும் விதியை 2002இல் கொண்டுவந்தது. அதன் பின் உதவி கேட்டு வந்த அழைப்புகள் அங்கே அதிகரித்தன. இரக்கம் ஒழுக்கத்தைத் தளர்த்திவிடும் என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

எல்லோரும் குடிக்கின்றார்களா?

‘எல்லோரும்தான் குடிக்கின்றார்கள், நான் மட்டும் எப்படி?’ என்பது இளைஞர் வாயில் அடிக்கடி கேட்கும் நியாயம். வெஸ்லி பேர்கின்ஸ், அலன் பேர்கோவிற்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் நியூயோர்க் மாநிலக் கல்லூரியொன்றில் செய்த ஆய்வை 1986இல் வெளியிட்டனர். மாணவர் தமது தோழரின் குடிப் பழக்கத்தை உள்ளதைவிட மிகையாகவே கணித்திருந்தனர் என்பது அதன் முடிவு. குடித்துக் கூச்சலிடும் ஐவர் எல்லார் கண்ணிலும் படுவர். அதே இரவில் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் ஐம்பது பேரை ஒருவரும் காண்பதில்லை. இந்த உண்மை நிலையை எடுத்துச் சொல்வது சகபாடிக் கல்வியாளரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. இம்முறை சென்ற இடமெல்லாம் வென்றது என்று சொல்வதற்கில்லை. சுவரொட்டி ஒட்டுவதும் புள்ளிவிபரம் கூறுவதும் மட்டும் நெடுநாட் பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை.

தனி உரையாடல் இன்னும் ஆழமாகச் செல்லும். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலன் மார்லற் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முறையில், மாணவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. அவன் எவ்வளவு குடிக்கின்றான், அதனால் எதை இழக்கின்றான், எதை அடைய விரும்புகின்றான் என்பவற்றை அவன் வாயாலேயே சொல்லவைத்துப் பொறுமையோடு கேட்கின்றனர். மாறவேண்டும் என்ற எண்ணம் வெளியிலிருந்து திணிக்கப்படாது அவனுள்ளேயே எழவேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2001இல் வெளியான அவர்களது ஆய்வொன்றில், முறையாகப் பயிற்றப்பட்ட மாணவர் இத்தகைய உரையாடலை நடத்தியபோது கிடைத்த பயன், தொழில்முறை ஆலோசகர் நடத்தியபோது கிடைத்த பயனுக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதரிடம் ஆண்டவரும் முதலில் அவரது விருப்பத்தைத்தான் கேட்டறிந்தார் என்பது இங்கே நினைவுக்கு வருகின்றது.

ஆயினும் சகபாடிக் கல்வியாளர் தமது எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அவர் வைத்தியர் அல்லர். மதுவுக்கு அடிமையாகிக் கைநடுக்கம் கண்டவனையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவனையும் தாமே குணப்படுத்த முயலாது உரியவரிடம் அழைத்துச் செல்வதே அவர் பணி. கப்பர்நாகுமின் நால்வரும் நோயாளியைக் குணப்படுத்தவில்லை. குணமளிப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

விழுந்தவனின் மொழி

ஒத்தவன் ஒத்தவனுக்கு உதவும் இந்த வழி புதியதன்று. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த பங்குத் தரகர் பில் வில்சனும், அதே நோயால் வாடிய சத்திரசிகிச்சை நிபுணர் றொபேட் சிமித்தும் சந்தித்துப் பேசியதிலிருந்தே ‘அனாமதேய மதுவடிமைகள்’ அமைப்புப் பிறந்தது. எத்தனையோ பேர் சொல்லியும் கேளாதவர், தம்மைப் போல் விழுந்தெழுந்த ஒருவர் சொன்னபோது கேட்டார். அந்நாளில் குடிகாரரை நோயாளராக ஏற்க வைத்தியசாலைகள் தயங்கின. அதே நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் 1939 முதல் அவர்களுக்குக் கட்டில் தேடித் தந்தவர் அருட்சகோதரி இக்னேசியா. குணமடைந்து வெளியேறுவோரிடம் அவர் இயேசுவின் திருஇருதயச் சின்னமொன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க எண்ணினால் முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

நமது மண்ணில்

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதையும், மதுசார விளம்பரங்களையும் தடைசெய்கின்றது. புதிய மாணவரைக் குடிக்கும்படி வற்புறுத்துவது விளையாட்டன்று. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் 1998இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆனால் பூட்டிய அறைக்குள் சட்டம் நுழையாது. அங்கே நுழையக்கூடியவன் நண்பன் ஒருவனே. நமது பங்குகளின் இளையோர் மன்றங்கள் ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டியும் ஒளிவிழாவும் நடத்துகின்றன, நன்று. ஒரு வைத்தியரையும் ஓர் உளவளத்துணையாளரையும் அழைத்து, உயர்கல்விக்குச் செல்லும் பத்துப் பேருக்கு இரண்டு நாள் பயிற்சியளிக்க இந்த மன்றங்களால் முடியாதா?

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் நன்மை விருந்திலும் திருமண வீட்டிலும் மது பரிமாறினாற்றான் மதிப்பு என்று நாமே காட்டிவிட்டு, பிள்ளை விடுதியில் குடித்தான் எனக் கேட்டுத் துடிப்பதில் பொருளில்லை. கானாவூரில் ஆண்டவர் திராட்சை இரசம் அளித்தார் என்று சிலர் வாதிடுவர். திருச்சபை திராட்சை இரசத்தைப் பாவமென்று சொல்லவில்லை. மட்டுமீறிய பாவனையையே மட்டுநிலை என்னும் நற்பண்புக்கு மாறானதென்று கற்பிக்கின்றது. ஆனால் மதுசாரத்தில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகக் கூறியதையும் நாம் மறக்கலாகாது.

இன்னுமொன்று. ‘நீ குடித்தால் என் முகத்தில் விழியாதே’ என்று எச்சரித்து அனுப்பும் தந்தையின் அன்பு பெரிது. ஆயினும் அந்தச் சொல்லே ஆபத்து வேளையில் பிள்ளை உங்களை அழைப்பதைத் தடுக்கும் சுவராகிவிடலாம். குடிக்காதே என்று சொல்லுங்கள். அதனோடு, ‘உனக்கோ உன் நண்பனுக்கோ ஏதேனும் நேர்ந்தால் எந்த நேரமானாலும் எனக்கு எடு, முதலில் உயிர், மற்றவை பிறகு’ என்றும் சொல்லி அனுப்புங்கள். ஊதாரி மைந்தன் திரும்பி வரத் துணிந்தது, தன் தந்தையின் வீட்டை அவன் அறிந்திருந்தபடியாலன்றோ?

இளையோரே, உங்கள் அறைத் தோழனுக்கு நீங்கள் எப்படிப்பட்ட நண்பர்? கிண்ணத்தை நிரப்பிக் கொடுப்பவரா, வேண்டாமென்றவனைக் கேலி செய்பவரா, அவன் விழும்போது கதவைச் சாத்திவிட்டு உறங்கச் செல்பவரா? அல்லது அவன் அருகே விழித்திருந்து அவனுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவரா? கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தம் நண்பரிடம் கேட்டதும் ஒரு மணி நேர விழிப்பைத்தான். அந்த விழிப்பை உங்கள் தோழனுக்குக் கொடுங்கள்; அது ஆண்டவருக்கே கொடுத்ததாகும்.